நல்லார்பரில் எங்களை முந்திக்கொண்டு ஓடிய சக்கரம்

போன ஜூலைப் பள்ளி விடுமுறையில் கேரவனை, அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீட்டை, இழுத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவின் நல்லார்பர் சமவெளி வழியாக அடிலெய்டிலிருந்து பெர்த்துக்குக் கிளம்பினோம். பெர்த்தைப் பார்க்காமலேயே திரும்பி வந்தோம். இடையில் 7,245 டாலர் போனது, ஐந்து நாள் ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்திருந்தோம், ஒரு ராத்திரி முழுக்க நான் மட்டும் தனியாக நெடுஞ்சாலை ஓரத்தில் சாய்ந்து கிடந்த கேரவனுக்குள் விழித்துக் கிடந்தேன். கிளம்பும் முன் யாராவது ஒருவர் என்னை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. நம்மவர்களில் நிறையப் பேர் இப்போது கேரவன் வாங்குகிறார்கள் என்பதால், வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

கேரவன் பழையது. 2009 மாடல், பதினாறு அடி, ஒரே அச்சு, பக்கத்துக்கு ஒரு சக்கரம். விலை 18,500 டாலர். விற்றவர் மூன்று வருடமாக வீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு நிறுத்தி வைத்திருந்தார். "ஓடவே இல்லை, புதுசு மாதிரி இருக்கும்" என்றார். எனக்கும் அது நல்ல விஷயமாகத்தான் பட்டது. பார்க்கப் போன அன்று என் மனைவி அடுப்பைப் பற்ற வைத்துப் பார்த்தாள், மகள் மேல்படுக்கையில் ஏறிக் குதித்துப் பார்த்தாள், நான் ஃபிரிட்ஜ், குழாய், கூரையில் ஈரக்கறை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வாடகைக்கு வீடு பார்க்கிற மாதிரியே பார்த்தோம். கீழே குனிந்து சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊரில் இருக்கும் அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "எதுக்குப்பா வீட்டை வண்டியில கட்டி இழுத்துக்கிட்டுத் திரியணும்?" என்று கேட்டார். சிரித்தேன். கிட்டத்தட்ட சரியான கேள்வி அது.

இங்கேயே முதல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நின்ற வண்டிதான் ஆபத்து. சக்கரத்தின் நடுவில் இருக்கும் பேரிங்குக்குள் கிரீஸ் இருக்கும். வருடக்கணக்கில் அசையாமல் நின்றால் அதில் ஈரம் இறங்கி, உருளைகளில் துரு பிடித்துப் புள்ளிப் புள்ளியாக அரித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஊருக்குள் ஓட்டினாலும் தெரியாது. அதனால் பழைய கேரவன் வாங்கினால், எவ்வளவு பளபளவென்று இருந்தாலும், முதல் வேலையாக மெக்கானிக்கிடம் கொண்டுபோய் இரண்டு பக்கமும் பேரிங்கை மாற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறையோ, 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறையோ, எது முதலில் வருகிறதோ அப்போது திறந்து பார்த்து கிரீஸ் வைக்க வேண்டும். டயரும் அப்படித்தான். பட்டன் தேயாமல் இருந்தால் போதாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு எந்த வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம் என்று அர்த்தம். எங்களுடையதில் கடைசி இரண்டு இலக்கம் 14. அதை நான் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

சரி, கிளம்பிய கதைக்கு வருகிறேன். முதல் நாள் போர்ட் அகஸ்டா வரை 310 கிலோமீட்டர், சுகமாகப் போனது. அங்கிருந்துதான் ஐர் நெடுஞ்சாலை தொடங்குகிறது. மேற்கே நோர்ஸ்மன் வரை சுமார் 1,660 கிலோமீட்டர். 1840-41இல் தண்ணீர் இல்லாமல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கத்தைக் கடந்த எட்வர்ட் ஜான் ஐரின் பெயர் அது. முழுசாகத் தார் போட்டு முடித்தது 1976இல்தான். இரண்டாம் நாள் காலை கிம்பாவுக்குப் போகும் வழியில், எதிரே ஒரு ரோட் டிரெயின் வந்தது. மூன்று லாரியைக் கோத்த மாதிரி முப்பது மீட்டருக்கு மேல் நீளம். அது நம்மைக் கடக்கும்போது முதலில் காற்று நம்மை வெளியே தள்ளும், வால் பகுதி தாண்டும்போது உள்ளே இழுக்கும். அந்த இழுப்பில் பின்னால் கேரவன் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. நாய் வாலை ஆட்டினால் சரி, வால் நாயை ஆட்டினால் எப்படி இருக்கும்? காரின் பின்பக்கமே என் கையில் இல்லை. பயத்தில் பிரேக்கை மிதித்தேன். ஆட்டம் இன்னும் கூடியது. மனைவி ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டாள். எப்படியோ நாலைந்து ஆட்டத்துக்குப் பிறகு தானாக அடங்கியது. ஓரம் கட்டி இறங்கியபோது முழங்கால் நிற்கவில்லை.

செய்ய வேண்டியது வேறு. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வளைத்துச் சமாளிக்கப் பார்க்காமல், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். காரின் பிரேக்கைத் தொடவே கூடாது. கேரவனின் மின்சார பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க டாஷ்போர்டில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் கேரவன் பின்னாலிருந்து காரை இழுத்துப் பிடித்து நேராக்கும். அந்தப் பொத்தான் என் முழங்காலுக்கு மேலேயே இருந்தது. கார் வாங்கும்போது காட்டியிருக்கிறார்கள். காலியான மைதானம் ஒன்றில் இரண்டு முறை அழுத்திப் பழகியிருந்தால் கை தானாகப் போயிருக்கும்.

ஆட்டம் ஏன் வந்தது என்பது கிம்பாவில் ஒரு லாரிக்காரர் எங்கள் வண்டியைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் புரிந்தது. கேரவனின் பின் பம்பரில் ஸ்டாண்ட் போட்டு இரண்டு சைக்கிளைக் கட்டியிருந்தேன். பின் அலமாரியில் பத்துக் கிலோ அரிசி மூட்டை, கிரைண்டர், ஜெனரேட்டர். கனமெல்லாம் வாலில் இருந்தால் கொக்கியின் மேல் விழும் எடை குறைந்துபோகும். கேரவனின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரின் பின்னால் கேரவனை மாட்டும் டோ பால் என்ற உருண்டையின் மேல் உட்கார வேண்டும் என்பது இங்கே எல்லாரும் சொல்லும் கணக்கு. எங்களுடையதற்கு 180 கிலோ வர வேண்டும். வீட்டுக்குத் திரும்பிய பிறகு அதே சாமானை அதே மாதிரி அடுக்கி எடை போட்டேன். 90 கூட இல்லை. மொத்த எடை 1,940 கிலோ. கேரவன் தகட்டில் எழுதியிருக்கும் உச்ச வரம்பு 1,800.

இந்தத் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் டேர் என்று ஒரு எண் இருக்கும், அது வெறும் வண்டியின் எடை. ஏடிஎம் என்று இன்னொன்று, அதுதான் தாண்டக்கூடாத மொத்த எடை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நமக்கு. எங்களுக்கு 390 கிலோ இருந்தது. கேட்க நிறைய மாதிரி இருக்கிறது, இல்லையா? இரண்டு தண்ணீர்த் தொட்டி, ஒவ்வொன்றும் 80 லிட்டர், அதிலேயே 160 கிலோ போய்விட்டது. நிறைந்த காஸ் சிலிண்டர் இரண்டு சேர்ந்து 36. முன்னால் விரிக்கும் கூடாரம், சைக்கிள்கள், ஜெனரேட்டர் என்று போட்டாலே முடிந்தது. துணி, பாத்திரம், புத்தகம், நம் மளிகை எல்லாம் கணக்குக்கு வெளியே. பொது எடைமேடை பல ஊர்களில் இருக்கிறது. முழுசாக ஏற்றிய பிறகு, கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டியை ஒரு முறை அந்த மேடையில் ஏற்றி இறக்கினால் அரை மணி நேரம்கூட ஆகாது. கிம்பாவில் சைக்கிள்களைக் கழற்றிக் கேரவனுக்குள் சக்கரத்துக்கு நேர் மேலே தரையில் படுக்க வைத்தோம். அரிசி மூட்டை காருக்குள் மகளின் காலடிக்கு வந்தது. அதற்கப்புறம் வண்டி ஆடவே இல்லை. ஆடவில்லை என்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

செடூனாவைத் தாண்டியதும் ஊர்கள் கிட்டத்தட்ட நின்றுவிடுகின்றன. அடுத்த 1,200 கிலோமீட்டருக்கு ரோட்ஹவுஸ்கள்தான். ஒரே கூரையின் கீழ் பெட்ரோல், சாப்பாடு, அறை, குளியல். டீசல் விலை ஊர்களில் இருப்பதைவிட அதிகம். தண்ணீரை அங்கே ஊற்றிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள், பெரும்பாலான இடத்தில் குடிக்கத் தரமாட்டார்கள், அவர்களுக்கே பஞ்சம். ஆனால் பயணம் இங்கேதான் அழகாகிறது. பெனோங்கில் பழைய காற்றாலைகளைக் கூட்டமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஹெட் ஆஃப் பைட்டில் மரப்பாலத்தில் இறங்கி நின்றால் கீழே கடலில் திமிங்கிலங்கள். குளிர்காலத்தில் குட்டி போட அண்டார்டிக் பக்கமிருந்து வருபவை. தாய் ஒன்று தண்ணீரில் கரிய பாறை மாதிரி அசையாமல் கிடக்க, குட்டி அதன் முதுகின் மேல் ஏறி வழுக்கி விழுந்து மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. மகள் ஒன்றரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. அதுவே ஒரு அதிசயம். அங்கிருந்து மேற்கே புண்டா பாறை விளிம்பு. சமவெளி சமவெளியாகவே போய், ஒரு வேலிகூட இல்லாமல், சட்டென்று அறுபது மீட்டருக்கு மேல் செங்குத்தாகக் கடலில் முடிகிறது. கேரவன் நிறுத்தும் இடத்திலிருந்து விளிம்பு ரொம்பப் பக்கம், குழந்தைகளை வைத்திருப்பவர்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நல்லார்பர் ரோட்ஹவுஸில் அன்றிரவு தங்கினோம். பக்கத்தில் ஒட்டகம், வாம்பட், கங்காரு மூன்றும் போட்ட மஞ்சள் பலகை, அடுத்த 96 கிலோமீட்டருக்கு எச்சரிக்கை என்று. அதன் முன்னால் எல்லாரையும் போல நாங்களும் படம் எடுத்தோம். அந்த ரோட்ஹவுஸில் நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர், கேரவனை இழுத்து வந்து நிறுத்தியதும், டீசல் போடுவதற்கு முன், கழிப்பறைக்குப் போவதற்கு முன், நேராகக் கேரவனின் சக்கரங்களிடம் போனார். ஒவ்வொரு சக்கரத்தின் நடு மூடியிலும் உள்ளங்கையை வைத்து இரண்டு விநாடி நின்றார். மாட்டைத் தட்டிக் கொடுப்பது போல இருந்தது. மனைவியிடம், "பாரு, வண்டிக்கு நன்றி சொல்றாரு" என்றேன். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னிடமிருந்து பத்தடி தூரத்தில்தான் நின்றார்.

மறுநாள் பார்டர் வில்லேஜில் மேற்கு ஆஸ்திரேலியாவின் சோதனைச் சாவடி. பழம், காய்கறி, தேன், செடி, விதை எதுவும் பச்சையாக உள்ளே போகக்கூடாது. இது எங்களுக்குத் தெரியும் என்பதால் முந்தின இரவே வெங்காயம் முதல் கத்தரிக்காய் வரை எல்லாவற்றையும் சமைத்துத் தீர்த்திருந்தோம். ஆனால் அஞ்சறைப்பெட்டிக்கு மேல் டப்பாவில் இருந்த கறிவேப்பிலையை மறந்துபோனோம். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார், மனைவி எடுத்துக் கொடுத்தபோது அவள் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. கிழக்கே திரும்பி வரும்போது செடூனாவில் இதே மாதிரி இன்னொரு சோதனை உண்டு, இரண்டு பக்கத்துக்கும் கணக்குப் போட்டு மளிகை வாங்குங்கள். அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் யூக்லா. 1877இல் திறந்த தந்தி நிலையம், முயல்கள் பெருகி மணற்குன்றின் செடிகளைத் தின்றுவிட, மணல் நகர்ந்து வந்து மூடிய கல்கட்டடம். சாயங்கால வெயிலில் சுவர்களின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. அந்தப் பகுதியில் கடிகாரம் முக்கால் மணி நேரம் மாறுகிறது, ஒரு மணியும் இல்லை அரை மணியும் இல்லை. மகள் தன் கைக்கடிகாரத்தோடு அன்று முழுக்கச் சண்டை போட்டாள்.

ஐந்தாம் நாள். யூக்லாவிலிருந்து கய்குனா 339 கிலோமீட்டர், அங்கே சாப்பாடு. தாண்டி ஐந்து கிலோமீட்டரில் ஒரு ஊதுகுழி. சுண்ணாம்புப் பாறையில் ஓர் ஓட்டை, கீழே இருக்கும் குகைகளின் காற்று அதன் வழியே மூச்சு மாதிரி வந்து போகும். முகத்தை வைத்துச் சில்லென்ற காற்றை வாங்கினோம். வண்டிக்குத் திரும்பும்போது மகள், "அப்பா, ஏதோ கருகற மாதிரி வாசனை வருது" என்றாள். நானும் முகர்ந்தேன். அப்போதுதான் ஒரு லாரி போயிருந்தது. "லாரி பிரேக்மா" என்று சொல்லிவிட்டு ஏறினேன். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

கய்குனாவுக்கும் பல்லடோனியாவுக்கும் நடுவில் சாலை 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் நேராகப் போகிறது. தொண்ணூறு மைல் நேர்கோடு என்று பலகையே உண்டு. மணி மூன்றரை இருக்கும், மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகம். அப்போது மகள், "அப்பா, ஒரு டயர் தனியா ஓடுது!" என்றாள். எங்களுக்கு இடது பக்கம், சாலையோர மண்ணில், ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு நிமிர்ந்து உருண்டு போனது. யாருடையது என்று ஒரு விநாடி நான் உண்மையாகவே யோசித்தேன். அடுத்த விநாடி பின்னால் இடி இடித்த மாதிரி ஒரு சத்தம், கேரவன் இடது பக்கம் சரிந்து, இரும்பு தாரைக் கிழிக்கும் அலறல். இந்த முறை கை அந்தப் பொத்தானுக்குப் போனது. வலது சக்கரத்தின் பிரேக் மட்டும்தான் பிடித்தது, ஆனாலும் எப்படியோ சாலைக்கு வெளியே பாதி உடம்பாவது வந்து நின்றோம். சக்கரம் புதருக்குள் போய்விட்டது. அதைக் கண்டுபிடிக்கவே இருபது நிமிடம் ஆனது. அச்சின் நுனி நீலமாகக் கருத்து, பென்சில் சீவிய மாதிரி கூராகியிருந்தது. தண்ணீர் ஊற்றினேன், புஸ்ஸென்று ஆவி வந்தது. தீப்பிடிக்காதது எங்கள் அதிர்ஷ்டம். காய்ந்த புல் இருந்தால் தீப்பிடிக்கவும் செய்யுமாம்.

கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. ரோட்ஹவுஸ்களுக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் வரும். யூஹெச்எஃப் வாக்கி டாக்கி ஒன்று வாங்கியிருந்தேன், பெட்டியைப் பிரித்தேனே தவிர சார்ஜ் போடவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு லாரி தானாக நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து அச்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஹப்பைத் தொட்டுப் பார்த்தாயா, மேட்? நிறுத்தும் இடமெல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டும்" என்றார். அப்போது அந்தப் பெரியவரின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. ஹப் என்றால் சக்கரத்தின் நடுப்பகுதி. நின்றதும் அதன் மூடியைத் தொட வேண்டும். இளஞ்சூடு இருந்தால் பரவாயில்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் போகிறது என்று அர்த்தம். கருகல் வாசனை, ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் வழிந்த கோடு, ஜாக்கி போட்டு ஆட்டினால் சக்கரம் கடகடவென்று ஆடுவது, இவையும் அதே செய்திதான். முதலில் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், நேராக உள்ளங்கையை வைத்துச் சுட்டுக்கொள்ளாதீர்கள். அவர் தன் ரேடியோவில் 40ஆம் சேனலில் வழியில் வரும் மற்ற லாரிகளுக்கு எங்களைப் பற்றிச் சொன்னார். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் இருப்பது அந்தச் சேனலில்தான். கேரவன்காரர்களுக்கு 18. ஐந்தும் முப்பத்தைந்தும் அவசரத்துக்கு மட்டும், அதில் அரட்டை அடிக்கக்கூடாது.

இருட்ட இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். கேரவனைக் கழற்றிவிட்டு மூவரும் காரில் கய்குனாவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "18,500 டாலர் வண்டியை எப்படி விட்டுட்டு வர்றது, நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றேன். மனைவி, "வண்டியை யாருங்க தூக்கிட்டுப் போகப் போறா, மூணு சக்கரம் இருந்தாலும் பரவாயில்ல, இருக்கறதே ஒண்ணு!" என்றாள். சண்டையாகவே ஆனது. கங்காரு வெளியே வரும் நேரத்துக்கு முன் அவர்கள் போய்ச் சேர வேண்டும் என்பதால் அவள்தான் கடைசியில் விட்டுக்கொடுத்தாள். கார் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. கேரவனின் பின்விளக்குகளுக்கு மின்சாரம் வருவது காரிலிருந்து. கார் இல்லையென்றால் பாதி சாலையை ஒட்டி இருட்டில் நிற்கும் ஒரு வெள்ளைப் பெட்டி அது. எச்சரிக்கை முக்கோணம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. மகளின் சைக்கிளிலிருந்து மினுக்கும் சிவப்பு விளக்கையும் என் சைக்கிள் விளக்கையும் கழற்றிப் பின் பம்பரில் கட்டினேன். பக்கவாட்டு வாசல் விளக்கு கேரவன் பேட்டரியில் எரிந்தது. அவ்வளவுதான் பாதுகாப்பு.

அந்த இரவைப் பற்றிப் பெரிதாகச் சொல்லத் தெரியவில்லை. கட்டில் சரிந்திருந்ததால் சுவரில் முதுகை ஒட்டிப் படுத்தேன். குளிர் எலும்புக்குள் போனது. சாலை அவ்வளவு நேராக இருப்பதால் ஒரு லாரியின் விளக்கு கண்ணில் பட்டு அது வந்து சேரப் பத்து நிமிடம் போல ஆகிறது. முதலில் ஒரு நட்சத்திரம், பிறகு இரண்டு, அப்புறம் சத்தம், அப்புறம் காற்று. ஒவ்வொரு முறையும் கேரவன் மொத்தமாக உலுங்கும். இவன் பார்த்தானா, பார்க்கவில்லையா என்று ஒவ்வொரு பத்து நிமிடமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இருபத்து மூன்று லாரி வரை எண்ணினேன். மூன்று மணிக்கு மேல் உள்ளே இருப்பதே பயமாகிப்போய், கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாலையிலிருந்து தள்ளி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். மேலே பால்வெளி, வாழ்நாளில் அப்படி ஒரு வானத்தைப் பார்த்ததில்லை. ரசிக்கிற நிலையில் நான் இல்லை. அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மகள் தூங்கியிருப்பாளா என்று நினைத்ததும் அழுகை வந்தது. விடிந்ததும் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி வண்டியை நிறுத்தி, ஒன்றும் கேட்காமல் முதலில் ஒரு குவளை தேநீரைக் கையில் கொடுத்தார்கள்.

இழுவை வண்டி நோர்ஸ்மனிலிருந்து வர வேண்டும், 325 கிலோமீட்டர். அதற்கு அடுத்த நாள்தான் வர முடியும் என்றார்கள். இரண்டாம் இரவு நான் கேரவனைப் பூட்டிவிட்டு ரோட்ஹவுஸில் மனைவி, மகளோடு தூங்கினேன். திரும்பி வந்து பார்த்தபோது ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை. இப்போது கணக்கு. இழுவைக்கு 3,380 டாலர், போக வர மொத்தம் 650 கிலோமீட்டர். அச்சு, ஹப், பிரேக், சக்கரம், கிழிந்த அடித்தகடு எல்லாம் சேர்த்து 2,240. ரோட்ஹவுஸ் அறை இரண்டு இரவுக்கு 330. அச்சு பெர்த்திலிருந்து வரும் வரை நோர்ஸ்மன் மோட்டலில் ஐந்து இரவு, 725. அலைந்த டீசல் 210. பெர்த்தில் முன்பதிவு செய்திருந்த கேரவன் பார்க் 360, திருப்பித் தரவில்லை. மொத்தம் 7,245. இரண்டு பக்கத்துக்கும் புது பேரிங் போட ஆகியிருக்கும் செலவு இதில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது.

காப்பீடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருந்தது. விபத்து, திருட்டு, தீ எல்லாம் உண்டு. பராமரிப்பு இல்லாமல் ஒரு பாகம் தேய்ந்து போவது கிடையாது. மெக்கானிக் உண்மையை எழுதிக் கொடுத்தார், அவர்கள் மறுத்துவிட்டார்கள். கோபப்பட்டேன், இரண்டு முறை கடிதம் எழுதினேன். பிறகு ஒப்பந்தத்தின் பதினான்காம் பக்கத்தைப் படித்தேன், அடங்கிவிட்டேன். சாலை உதவித் திட்டம் இன்னொரு கதை. நான் வைத்திருந்தது அடிமட்டத் திட்டம், காருக்கு மட்டும், இழுத்துப் போவது இருபது கிலோமீட்டர் வரை. பின்னால் இருக்கும் கேரவன் அதில் சேர்த்தி இல்லை. மேல்தட்டுத் திட்டத்துக்கு வருடத்துக்கு நூற்றுச் சொச்சம் டாலர்தான் கூடுதல். கிளம்பும் முன் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: கேரவனும் சேர்த்தியா, எத்தனை கிலோமீட்டர் வரை இழுப்பீர்கள், வண்டி சரியாகும் வரை தங்கும் செலவு உண்டா. பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்று. உடம்புக்கு ஏதாவது என்றால் இந்த வழியில் பறக்கும் மருத்துவர்கள்தான் வர வேண்டும். நெடுஞ்சாலையிலேயே அங்கங்கே கோடு போட்டு அவர்களின் விமானம் இறங்கும் ஓடுபாதையாக வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதன் மேல் ஓட்டிப் போனோம், அப்போது மகளுக்கு வேடிக்கையாக இருந்தது. மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, கூப்பிட வழி இல்லாமல் விமானம் வந்து என்ன செய்யும் என்று தோன்றியது.

நோர்ஸ்மன் ஒரு குதிரையின் பெயர். 1894இல் கட்டிப்போட்ட குதிரை குளம்பால் மண்ணைக் கிளற, தங்கக் கல் வெளியே வந்ததாம். எங்கள் நிலைமைக்கு அந்தக் குதிரை மேல் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ஐந்து நாளில் ஒரு நாள், கார் மட்டும் இருந்ததால், தெற்கே 200 கிலோமீட்டர் ஓட்டி எஸ்பெரன்ஸ் போய், அங்கிருந்து லக்கி பே போனோம். மாவு மாதிரி வெள்ளை மணல், அதில் கங்காரு ஒன்று கடல் பாசியை முகர்ந்துகொண்டு நின்றது. திட்டத்திலேயே இல்லாத இடம். மகள் இன்றுவரை அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லும்போது திமிங்கிலத்தையும் அந்தக் கங்காருவையும்தான் சொல்கிறாள், சக்கரம் மூன்றாவதாகத்தான் வருகிறது.

இப்போது படுக்கைக்குக் கீழே இருக்கும் பெட்டியில் பேரிங் செட் இரண்டு, ஒரு டப்பா கிரீஸ், அவற்றை மாட்டத் தெரிந்த என் கை. நோர்ஸ்மன் மெக்கானிக் ஒரு மதியம் முழுக்க என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கழற்றி மாட்டச் சொல்லிக் கொடுத்தார். உருளைகளுக்கு நடுவில் கிரீஸ் பிதுங்கும் வரை உள்ளங்கையில் வைத்துத் தேய்க்க வேண்டும், நட்டை அளவுக்கு மேல் முறுக்கக்கூடாது, பூட்டும் பின்னைப் பழையதையே திரும்பப் போடக்கூடாது. முக்கோணம் இரண்டும் சார்ஜ் ஏறிய வாக்கி டாக்கியும் வண்டியில். கிரைண்டர் வீட்டில்.

திரும்பும்போது அதே நேர்கோட்டில் கிழக்கே வந்தோம். கய்குனாவுக்கு ஐம்பது கிலோமீட்டர் இருக்கும்போது மகள் நிறுத்தச் சொன்னாள். தார்ச்சாலையில் எங்கள் அச்சு கிழித்த கோடு அப்படியே இருந்தது, வெள்ளையாக, கொஞ்சம் வளைந்து, ஓர மண்ணில் போய் முடிந்தது. இரண்டு பக்கமும் லாரி எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, அவள் ஓரமாகவே நடந்து அதன் நீளத்தைக் காலடியால் அளந்தாள். நூற்று எழுபத்திரண்டு. அதற்குள் நான் இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டும் ஒரே சூடு.